மாதம் ஒரு விரதம்: ஏகாதசியா, பிரதோஷமா, சங்கடஹர சதுர்த்தியா?

தினசரி காலண்டரில் தேதிக்குக் கீழே சிறிய எழுத்தில் அச்சாகும் வரியைத் தொடர்ந்து பார்த்து வந்தால், ஒரு மாதத்தில் பத்துக்கும் மேற்பட்ட நாட்களில் ஏதாவது ஒரு விரதம் வந்துவிடுகிறது. ஏகாதசி இரண்டு, பிரதோஷம் இரண்டு, சதுர்த்தி, சஷ்டி, கார்த்திகை, மாத சிவராத்திரி, அமாவாசை, பௌர்ணமி. எல்லாவற்றையும் கடைப்பிடிப்பவர்கள் மிகச் சிலர். புதிதாக ஒரு விரதத்தைத் தொடங்க நினைப்பவர்கள் பெரியவர்களிடம் கேட்பது ஒரே கேள்விதான்: எதை எடுத்துக்கொள்வது? வழக்கமாகக் கிடைக்கும் பதில் பலன்களின் பட்டியலாக இருக்கிறது. கடன் தீர ஒன்று, குழந்தைப் பேற்றுக்கு ஒன்று, சனியின் பிடி தளர ஒன்று. பலனை வைத்துத் தொடங்கியவர்களில் பலர் நான்காவது ஐந்தாவது மாதத்தில் நிறுத்திவிடுகிறார்கள். நம்பிக்கை குறைந்ததால் நிறுத்துவதில்லை. அந்த விரதம் கேட்கும் நேரத்தை அவர்களுடைய வாழ்க்கையால் கொடுக்க முடியவில்லை. ஆகவே விரதத்தைத் தேர்ந்தெடுக்கும்போது முதலில் பார்க்க வேண்டியது, அது நாளின் எந்த வேளையில் முடிகிறது என்பதுதான் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

இது ஏதோ வசதிக்காகச் சொல்லும் காரணம் என்று எண்ண வேண்டாம். பஞ்சாங்கமே விரத நாட்களை அப்படித்தான் தீர்மானிக்கிறது. சந்திரன் சூரியனிடமிருந்து 12 பாகை விலகிச் செல்ல எடுத்துக்கொள்ளும் காலம் ஒரு திதி. ஓர் அமாவாசையிலிருந்து அடுத்த அமாவாசை வரை சுமார் இருபத்தொன்பதரை நாட்களில் 30 திதிகள் அடங்கிவிடுகின்றன. சந்திரனின் வேகம் ஒரே சீராக இருப்பதில்லை. அதனால் ஒரு திதி சில சமயம் இருபது மணி நேரத்துக்குள் முடிந்துவிடும், சில சமயம் 26 மணி நேரத்தையும் தாண்டும். அது காலை எட்டு மணிக்கும் பிறக்கலாம், நள்ளிரவிலும் பிறக்கலாம். பெரும்பாலும் இரண்டு தேதிகளில் விரவி நிற்கும். இரண்டில் எந்தத் தேதியில் விரதம் இருப்பது?

அந்தந்த வழிபாட்டுக்கு உரிய வேளையில் திதி இருக்கிறதா என்று பார்ப்பதே விதி. அந்த வேளையைக் கர்ம காலம் என்பார்கள். ராம நவமிக்கு நண்பகல். கிருஷ்ண ஜயந்திக்கும் மகா சிவராத்திரிக்கும் நள்ளிரவு. பிரதோஷத்துக்குச் சூரிய அஸ்தமனம். சங்கடஹர சதுர்த்திக்குச் சந்திரன் உதிக்கும் நேரம். ஏகாதசிக்குச் சூரிய உதயமும் அதற்கு முந்தைய அருணோதயமும். தீபாவளியையே பாருங்கள். நாம் சதுர்த்தசி நிற்கும் விடியற்காலையில் எண்ணெய் தேய்த்துக் குளிக்கிறோம்; வடநாட்டில் அமாவாசை நிற்கும் மாலையில் லட்சுமி பூஜை செய்கிறார்கள். சில ஆண்டுகளில் இரண்டும் வெவ்வேறு தேதிகளில் வருவதற்கு இதுவே காரணம். ஆக, ஒவ்வொரு விரதத்துக்கும் அதற்கே உரிய ஒரு மணி நேரம் இருக்கிறது. அந்த மணி நேரத்தில் நீங்கள் எங்கே இருப்பீர்கள்? அலுவலகத்திலா, பஸ்ஸிலா, சமையலறையிலா, கோயில் பிராகாரத்திலா? இந்தக் கேள்வியோடு ஒவ்வொன்றையும் பார்ப்போம்.

ஏகாதசி

விரதங்களுள் உணவை மையமாகக் கொண்டது ஏகாதசி. வளர்பிறையில் ஒன்று, தேய்பிறையில் ஒன்று என ஆண்டுக்கு 24. கூடுதலாக ஒரு சந்திர மாதம் சேரும், அதாவது அதிக மாதம் வரும், ஆண்டில் 26. முறைப்படி இருப்பவர்கள் தசமி அன்று பகலில் ஒருவேளை உண்பதோடு நிறுத்திக்கொள்வார்கள். ஏகாதசி முழுவதும் உபவாசம். துவாதசி காலையில் பாரணை, அதாவது விரதத்தை முடித்து உண்பது. தசமி பகல் ஒரு மணிக்கு உண்டவர் துவாதசி காலை ஆறரைக்குப் பாரணை செய்கிறார் என்றால் இடையில் நாற்பது மணி நேரத்துக்கு மேல் ஆகிவிடுகிறது. மாதாந்திர விரதங்களில் இவ்வளவு நீளமானவை அரிது.

இந்த நீளத்தைக் கேட்டுப் பயப்படத் தேவையில்லை. தண்ணீரும் அருந்தாமல் இருப்பது ஒரு நிலை; தண்ணீர், பால், பழத்தோடு இருப்பது இன்னொரு நிலை; அரிசிச் சோற்றை மட்டும் விலக்கி ஒருவேளை பலகாரம் சாப்பிடுவது மூன்றாவது நிலை. நம் வீடுகளில் பெரும்பாலும் காண்பது மூன்றாவதுதான். தானியமே கூடாது என்று கொள்ளும் குடும்பங்களில் ரவை உப்புமாவுக்கும் இடமில்லை. பழம், பால், கிழங்கோடு சரி. தொடங்குவதற்கு முன்பே உங்கள் நிலை எது என்று முடிவு செய்துகொள்வது நல்லது. அன்று காலையில் பசி வந்த பிறகு முடிவு செய்தால் ஒவ்வொரு மாதமும் ஒரு படி கீழே இறங்கிக்கொண்டே இருக்கும்.

ஏகாதசியின் உண்மையான கடினம் பட்டினியில் இல்லை, பாரணையில் இருக்கிறது. துவாதசியின் முதல் கால் பகுதிக்கு ஹரிவாசரம் என்று பெயர். அது முடியும்வரை உண்ணக்கூடாது. துவாதசி திதி முடிவதற்குள் உண்டுவிடவும் வேண்டும். சில மாதங்களில் துவாதசி சூரிய உதயத்துக்குப் பிறகு ஒரு மணி நேரம்கூட நிற்பதில்லை. பாகவதத்தில் அம்பரீஷ மன்னர் துர்வாச முனிவரின் கோபத்துக்கு ஆளானது இந்த நெருக்கடியில்தான். விருந்தினராக வந்த முனிவர் நீராடப் போனவர் திரும்பவில்லை, துவாதசியோ முடியப்போகிறது, மன்னர் தீர்த்தம் மட்டும் அருந்திப் பாரணையை முடித்தார். அந்தத் தீர்வு இன்றைக்கும் நமக்கு உதவுகிறது. காலை ஏழு மணிக்கு வேலைக்குக் கிளம்ப வேண்டியவர் துளசி தீர்த்தத்தால் பாரணையை முடித்துவிட்டு, பிறகு உணவு கொள்ளலாம்.

முழுப் பாரணை என்றால் விடியலுக்கு முன்பே அடுப்பு எரிய வேண்டும். அகத்திக்கீரை, நெல்லிக்காய், சுண்டைக்காய் சேர்ந்த சமையல் அது. பல வீடுகளில் விரதம் இருப்பவர் ஒருவர், நான்கு மணிக்கு எழுந்து கீரை ஆய்பவர் இன்னொருவர். இதை நான் வெறுமனே கடந்துபோக விரும்பவில்லை. பாரணைக்குச் சமைப்பதும் விரதத்தின் பகுதிதான். அதில் கைகொடுக்க முடியாதவர், வீட்டில் மற்றவர்களும் ஏகாதசி இருந்தாலொழிய, அதை எடுத்துக்கொள்ளாமல் இருப்பதே நியாயம். வீடு முழுவதும் இருக்கும்போது ஏகாதசி எல்லா விரதங்களையும்விட எளிதாகிவிடுகிறது. அன்று அடுப்படிக்கே ஓய்வு.

தேதியிலும் ஒரு சிக்கல் உண்டு. சூரிய உதயத்துக்கு நான்கு நாழிகை முன்பு, அதாவது 96 நிமிடங்களுக்கு முன்பு, அருணோதயம் தொடங்குகிறது. அந்த வேளையில் தசமி திதி கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தாலும் வைணவர்கள் அன்று இருக்க மாட்டார்கள். மறுநாள்தான் அவர்களுக்கு ஏகாதசி. வைணவ வழியைச் சேராத ஸ்மார்த்தர்கள் சூரிய உதயத்தை மட்டும் பார்ப்பார்கள். காலண்டரில் அடுத்தடுத்த இரண்டு நாட்களிலும் ஏகாதசி என்று போட்டிருந்தால் குழம்ப வேண்டாம். உங்கள் குடும்பம் எந்த வழியோ அந்த வழி. குடும்ப வழக்கம் தெரியாதவர்கள் ஒன்றைத் தேர்ந்துகொண்டு அதிலேயே நிற்கலாம். மாதத்துக்கு மாதம் வசதியான தேதியை எடுப்பது மட்டும் கூடாது.

ஆண்டுக்கு ஒரே ஒரு ஏகாதசி என்று வைத்திருப்பவர்களுக்கும் ஒரு செய்தி. மார்கழி வளர்பிறை ஏகாதசியான வைகுண்ட ஏகாதசி ஆங்கில ஆண்டுக் கணக்கில் ஒழுங்காக வருவதில்லை. 2023ஆம் ஆண்டில் ஜனவரி 2, டிசம்பர் 23 என இருமுறை வந்தது. 2024இல் வரவே இல்லை. 2025இல் மறுபடியும் ஜனவரி 10, டிசம்பர் 30 என இருமுறை. ஸ்ரீரங்கத்தில் 19 ஆண்டுகளுக்கு ஒருமுறை கார்த்திகை மாத ஏகாதசியிலேயே சொர்க்கவாசல் திறக்கிற வழக்கமும் இருக்கிறது. 2021 டிசம்பர் 14 அன்று அங்கே திறந்தது, மற்ற பல தலங்களில் 2022 ஜனவரி 13 அன்று.

பிரதோஷம்

ஏகாதசிக்கு இரண்டு நாள் தள்ளி வருவது திரயோதசி. அந்தத் திதி சூரிய அஸ்தமனத்தில் நிற்கும் நாள் பிரதோஷம். அஸ்தமனத்துக்கு முன்னும் பின்னும் மூன்றே முக்கால் நாழிகை, அதாவது ஒன்றரை மணி நேரம், பிரதோஷ காலம். கோயில்களில் மாலை நாலரை முதல் ஆறு மணி வரை என்று நிலைபெற்றுவிட்டது. ஆலகால விஷத்தை அருந்திய ஈசன் நந்தியின் கொம்புகளுக்கிடையே ஆடிய வேளை என்பது புராணம்.

பகலெல்லாம் உபவாசம் இருந்து, மாலையில் கோயிலுக்குச் சென்று, நந்தி அபிஷேகம் கண்டு, அபிஷேக நீர் வழியும் கோமுகியைத் தாண்டாமல் திரும்பி வலம்வரும் சோமசூக்தப் பிரதட்சிணம் செய்து, வீடு திரும்பி உண்பது இதன் முறை. முந்தைய இரவு எட்டு மணிக்கு உண்டவருக்கு ஏறக்குறைய 23 மணி நேரம். ஏகாதசியோடு ஒப்பிட்டால் பாதிதான். மறுநாள் பாரணை நெருக்கடி இல்லை. இரவு உணவு வழக்கமான சமையலே. வீட்டில் மற்றவர்கள் விரதம் இருக்காவிட்டாலும் யாருக்கும் தொந்தரவு இல்லை. சமையலறையின் பக்கமிருந்து பார்த்தால் மிக இணக்கமான விரதம் இதுதான்.

சிக்கல் அந்த நாலரை மணிதான். அலுவலகமோ கடையோ நடத்துபவர் அந்த நேரத்தில் கோயிலில் நிற்பது எப்படி? திதி எந்தக் கிழமையிலும் வரும். சனிக்கிழமை வந்தால் சனிப் பிரதோஷம். கோயில்களில் அன்று நெரிசலும் அதிகம். மாதத்தில் இரண்டு என்பதால் ஒன்றையாவது பிடிக்கலாம் என்று நினைத்துத் தொடங்குவார்கள். இரண்டுமே செவ்வாய், புதன் என்று விழும் மாதங்கள் தொடர்ந்து வரும்போது மனம் தளரும். பிரதோஷம் கோயிலைச் சார்ந்த விரதம். பிரதோஷ காலம் அஸ்தமனத்துக்குப் பிறகும் நீடிப்பதால் ஏழு மணிக்கு வீட்டில் விளக்கேற்றிச் சிவபுராணம் படித்து முடிப்பதில் குறை ஒன்றும் இல்லை. ஆனாலும் பால் வழியும் நந்தியையும் அருகம்புல் மாலையையும் கூட்டத்தோடு நின்று பார்த்தவருக்கு வீட்டில் தனியே இருப்பது அதே அனுபவமாக இருக்காது. நடந்துபோகும் தூரத்தில் சிவன் கோயில், மாலையில் கையில் நேரம் இரண்டும் இருப்பவர்கள், குறிப்பாகப் பணி ஓய்வு பெற்றவர்கள், யோசிக்காமல் பிரதோஷத்தை எடுத்துக்கொள்ளலாம்.

இன்னொரு வேறுபாட்டையும் சொல்ல வேண்டும். மாதவிலக்கு நாட்களில் உபவாசத்தைத் தொடரலாம், பூஜையும் கோயிலும் வேண்டாம் என்பது பல குடும்பங்களின் வழக்கம். அந்த வழக்கத்தைக் கடைப்பிடிக்கும் பெண்களுக்கு ஏகாதசி விட்டுப்போவதில்லை. பிரதோஷத்தின் பெரும்பகுதி விட்டுப்போகிறது. தொடர்ச்சி முக்கியம் என்று கருதும் பெண்கள் இதை முன்கூட்டியே கணக்கில் எடுத்துக்கொள்ளட்டும்.

சங்கடஹர சதுர்த்தி

பௌர்ணமிக்கு நான்காம் நாள், தேய்பிறைச் சதுர்த்தி. சந்திரன் உதிக்கும்போது சதுர்த்தி நிற்க வேண்டும். தமிழ்நாட்டில் அன்று சந்திரோதயம் பெரும்பாலும் இரவு எட்டரைக்கும் பத்துக்கும் இடையில். மாதத்துக்கு ஒன்றே ஒன்று. ஆண்டுக்கு 12 அல்லது 13.

வேலைக்குப் போகிறவர்களுக்கு, முதன்முதலாகத் தொடங்குகிறவர்களுக்கு, நான் தயங்காமல் கைகாட்டுவது இதைத்தான். காரணம் அந்த இரவு ஒன்பது மணி. வேலை முடிந்து வீடு வந்து, குளித்து, பக்கத்துப் பிள்ளையார் கோயிலுக்குப் போய், அருகம்புல் சாத்தி, திரும்பி வந்து மொட்டைமாடியிலோ தெருவிலோ நின்று சந்திரனைப் பார்த்து வணங்கி உண்பதற்கு நேரம் தாராளமாக இருக்கிறது. விடுப்பு எடுக்க வேண்டாம், யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். சிவன் கோயிலோ பெருமாள் கோயிலோ இல்லாத ஊர்ப்பகுதியிலும் அரசமரத்தடியில் ஒரு பிள்ளையார் இருப்பார். பெரிய கோயில்களின் நேர அட்டவணைக்கு நாம் காத்திருக்கவும் வேண்டியதில்லை.

இந்த விரதத்தின் முடிவை அறிவிப்பது வானம். குழந்தைகள் உள்ள வீட்டில் இது பெரிய வரம். நிலா வந்துவிட்டதா என்று மாடிக்கு ஓடிப் பார்த்து வரும் பிள்ளைக்குத் திதி என்றால் என்ன, தேய்பிறை என்றால் என்ன என்று தனியாகப் பாடம் நடத்தத் தேவையில்லை. ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் மேகம் மறைத்துவிட்டால் பஞ்சாங்கம் சொல்லும் சந்திரோதய நேரத்தை ஏற்றுக்கொண்டு, அந்தத் திசை நோக்கி வணங்கி விரதத்தை முடிக்கலாம். இதே விநாயகருக்கு ஆவணி வளர்பிறைச் சதுர்த்தியில் சந்திரனைப் பார்க்கக் கூடாது என்ற விதி இருக்கிறது. அது நண்பகலுக்கு உரிய பண்டிகை. புதிதாகத் தொடங்குபவர்கள் இரண்டையும் குழப்பிக்கொள்வதுண்டு.

குறையும் உண்டு. இரவு ஒன்பதரைக்கு மேல் முதல் முழு உணவு என்பது வயிற்றுப்புண் உள்ளவர்களுக்குப் பொருந்தாது. காலி வயிற்றில் கொழுக்கட்டையும் சுண்டலுமாக நிறைத்துக்கொண்டு உடனே படுத்தால் மறுநாள் உடல் கனக்கும். பகலில் பால், பழம் எடுத்துக்கொண்டு இரவில் இட்லி போன்ற எளிய உணவோடு முடிப்பது நல்லது. செவ்வாய்க்கிழமை வரும் சதுர்த்திக்கு அங்காரக சதுர்த்தி என்று சிறப்பு. ஆவணியில் விநாயகர் சதுர்த்திக்கு முன்பு வருவது மகா சங்கடஹர சதுர்த்தி. ஓராண்டு சங்கல்பத்தை அன்று தொடங்குபவர்கள் பலர்.

முருகனுக்கு இருப்பதென்றால்

கந்தபுராணம் முருகனுக்கு உரியவையாகக் காட்டும் விரதங்கள் மூன்று: வெள்ளிக்கிழமை, கார்த்திகை, சஷ்டி. ஒன்று கிழமை, ஒன்று நட்சத்திரம், ஒன்று திதி. ஒரே தெய்வத்துக்கு மூன்று விதமான காலக்கணக்கு இருப்பதால், தேர்ந்தெடுப்பவருக்கு இங்கே கிடைக்கும் வாய்ப்பு அதிகம்.

வளர்பிறைச் சஷ்டி மாதத்துக்கு ஒருமுறை. பகலில் உபவாசம், மாலை வழிபாட்டுக்குப் பின் உணவு என்பது பொதுவான பழக்கம். ஐப்பசியில் அமாவாசைக்கு மறுநாள் தொடங்கும் ஆறு நாள் கந்த சஷ்டிக்கு இது நல்ல பயிற்சி. மாதாமாதம் சஷ்டி இருந்தவர்கள் அந்த ஆறு நாளைத் தாங்குவதற்கும், நேரடியாக ஆறு நாளில் இறங்கியவர்கள் தாங்குவதற்கும் உள்ள வித்தியாசம் சூரசம்ஹாரத்தன்று கண்கூடாகத் தெரியும்.

கார்த்திகை நட்சத்திரம் சுமார் 27 நாட்களுக்கு ஒருமுறை வருவதால் ஆண்டுக்குப் பதின்மூன்று, சில ஆண்டுகளில் பதினான்கு. பரணி இரவு உண்ணாமல், கார்த்திகை முழுவதும் உபவாசம் இருந்து, மறுநாள் ரோகிணியில் பாரணை செய்வது கடுமையான முறை. அப்படிப் பார்த்தால் இது ஏகாதசிக்கு நிகரான நீளம். ஒருவேளை உணவோடு இருப்பவர்களே அதிகம். இரண்டுக்கும் நடுவில் நான் சஷ்டியைத்தான் சொல்வேன். மாத விரதமும் ஆண்டின் பெருவிழாவும் ஒரே திதியில் இணைவது மனத்துக்கு ஒரு பிடிப்பைத் தருகிறது. ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுக்கும் குடும்பமாக இருந்தால் இந்த வாதம் எடுபடாது. அவர்கள் கார்த்திகையிலேயே இருக்கட்டும்.

திதி எந்தக் கிழமையில் வரும் என்று காலண்டரைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாத வேலையில் இருப்பவர்கள், முறை மாற்றிப் பணிபுரியும் செவிலியர், ஓட்டுநர், காவலர் போன்றோர், வெள்ளிக்கிழமை விரதத்தை இரண்டாம் தரமாக நினைக்க வேண்டாம். அது புராணம் சொன்ன வழியே.

அமாவாசையைத் தேர்வுப் பட்டியலில் வைப்பதே சரியில்லை. தந்தையை இழந்தவர்களுக்கு அது கடமை. தர்ப்பணம் முடித்து, காக்கைக்குச் சோறு வைத்து, ஒருபொழுது உண்பது மரபு. கணவரோடு வாழும் பெண்கள் அமாவாசையில் பட்டினி இருப்பதில்லை என்ற வழக்கமும் பல குடும்பங்களில் உண்டு. பௌர்ணமி இதற்கு நேர்மாறு, விருப்பத்துக்கு உரியது. திருவண்ணாமலையில் 14 கிலோமீட்டர் கிரிவலம் போகிறவர்கள் பட்டினியோடு நடப்பதைவிட, பழமும் நீரும் எடுத்துக்கொண்டு நடப்பது நல்லது.

இரண்டாவதைச் சேர்க்கும்போது

ஒரு விரதம் நிலைத்த பிறகு இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளும் ஆசை வரும். அப்போது திதிகளின் இடைவெளியைக் கவனிக்க வேண்டும். தேய்பிறையின் கடைசியில் ஏகாதசி, துவாதசி காலைப் பாரணை, அடுத்த நாள் பிரதோஷம், அதற்கடுத்து மாத சிவராத்திரி, பிறகு அமாவாசை என்று ஐந்து நாட்களுக்குள் நான்கு வந்து விழுகின்றன. ஏற்கெனவே அமாவாசை ஒருபொழுது இருப்பவர் பிரதோஷத்தைச் சேர்த்தால், தேய்பிறையில் இரண்டு நாள் இடைவெளியில் இரண்டு. ஏகாதசியையும் பிரதோஷத்தையும் சேர்த்தே இருக்கிறேன் என்பவர்களின் உறுதியை மதிக்கிறேன். ஆனால் அது முதல் ஆண்டில் செய்ய வேண்டிய காரியம் கிடையாது. சங்கடஹர சதுர்த்திக்குப் பிறகு தேய்பிறை ஏகாதசிக்கு ஒரு வாரம் இருக்கிறது. வளர்பிறைச் சஷ்டிக்கும் தேய்பிறைச் சதுர்த்திக்கும் இடையில் இன்னும் அதிக இடைவெளி. அமாவாசைக் கடமை உள்ளவர்களுக்குச் சதுர்த்தியோ சஷ்டியோ இணையாக அமைவது இதனால்தான் எளிது.

எந்தப் பஞ்சாங்கம், எந்த ஊர் நேரம்

பழைய வாக்கியங்களைக் கொண்டு கணிக்கும் வாக்கியப் பஞ்சாங்கமும், இன்றைய வானியல் கணக்கைக் கொண்டு கணிக்கும் திருக்கணிதப் பஞ்சாங்கமும் திதி முடியும் நேரத்தில் சில மணி நேரம்கூட வேறுபடும். பெரும்பாலான நாட்களில் விரதத் தேதி மாறாது. எல்லையில் நிற்கும் நாட்களில் மாறிவிடும். நம் கோயில்களில் பெரும்பாலானவை வாக்கியத்தைப் பின்பற்றுகின்றன. கோயிலை மையமாகக் கொண்ட பிரதோஷத்துக்கும் சஷ்டிக்கும் நீங்கள் போகும் கோயில் எந்த நாளில் கொண்டாடுகிறதோ அந்த நாளையே எடுத்துக்கொள்ளுங்கள். தனியாக ஒரு கணக்கு வைத்துக்கொண்டு வெறும் பிராகாரத்தில் போய் நிற்பதில் என்ன நிறைவு? ஏகாதசியில் மட்டும் நிலைமை வேறு. பாரணை நேரம் நிமிடக் கணக்கில் முக்கியமாவதால் ஒரே பஞ்சாங்கத்தை ஆண்டு முழுவதும் பின்பற்ற வேண்டும்.

வெளிநாட்டில் இருக்கும் நம்மவர்கள் சென்னைத் தேதியை அப்படியே எடுத்துக்கொள்வது பரவலாக நடக்கிறது. திதி பிறக்கும் கணம் உலகம் முழுவதற்கும் ஒன்றுதான்; ஆனால் சூரிய உதயமும் அஸ்தமனமும் ஊருக்கு ஊர் வேறு. விரத நாளை உதயமும் அஸ்தமனமும் தீர்மானிக்கும்போது, அமெரிக்காவில் ஏகாதசி இந்தியாவுக்கு ஒருநாள் முன்பாகவே வரக்கூடும். அந்தந்த ஊருக்குக் கணித்த பஞ்சாங்கத்தைப் பார்ப்பதே சரி. லண்டனில் கோடையில் ஒன்பது மணிக்கு மேல்தான் சூரியன் மறையும்; பனிக்காலத்தில் நான்கு மணிக்கே மறைந்துவிடும். அங்கே பிரதோஷ விரதத்தின் நீளம் பருவத்துக்குப் பருவம் மாறுகிறது. ஏகாதசிக்கு இந்த ஏற்ற இறக்கம் குறைவு என்பதால் வடக்கு நாடுகளில் வாழ்பவர்களுக்கு அதுவே சீரான விரதம்.

அதிக மாதத்தைப் பற்றியும் கேட்பார்கள். சந்திர ஆண்டு சூரிய ஆண்டைவிடச் சுமார் 11 நாள் குறைவு. அதை ஈடுகட்ட ஏறக்குறைய 32 அல்லது 33 மாதங்களுக்கு ஒருமுறை ஒரு மாதம் கூடுதலாகச் சேர்கிறது. 2026இல் மே 17 முதல் ஜூன் 15 வரை அப்படிப்பட்ட மாதம். நடந்துகொண்டிருக்கும் விரதத்தை அப்போது நிறுத்தத் தேவையில்லை. புதிதாகச் சங்கல்பம் செய்துகொள்வதை மட்டும் தள்ளிவைப்பது வழக்கம்.

உடம்பு சம்மதிக்க வேண்டும்

ஏகாதசி எல்லோருக்கும் பொது என்று வலியுறுத்தும் அதே சாஸ்திரம், எட்டு வயது கடந்தவர் முதல் எண்பது நிறையாதவர் வரை என்று எல்லையும் வகுத்திருக்கிறது. விரதத்தை முறிக்காதவை எட்டு என்று மகாபாரதம் சொல்கிறது. நீர், கிழங்கு, பழம், பால் ஆகியவற்றோடு மருந்தும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. காலை மாத்திரையை விழுங்கினால் விரதம் போய்விடும் என்று பயந்து மருந்தை நிறுத்தும் பெரியவர்களை நினைத்தால் எனக்கு வேதனையாக இருக்கிறது. மரபே அனுமதித்த ஒன்றை அவர்கள் தங்களுக்குத் தாங்களே மறுத்துக்கொள்கிறார்கள்.

சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள், சிறுநீரக நோயாளிகள், கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள் மருத்துவரிடம் கேட்காமல் எந்த உபவாசமும் தொடங்கக் கூடாது. உண்ணாத நாளில் வழக்கமான அளவு மருந்து எடுத்தால் ரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்குக் கீழே போகலாம். இவர்கள் விரதமே இருக்க முடியாது என்று பொருளில்லை. வேளை தவறாமல் அளவோடு உண்டு, ஏகாதசியில் அரிசியை மட்டும் விலக்கலாம். பிரதோஷத்தில் கோயில் வழிபாட்டை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். நீண்ட இடைவெளியைத் தவிர்க்க வேண்டியவர்களுக்கு ஏகாதசியும் சதுர்த்தியும் கடினம். மாலையிலேயே முடிந்துவிடும் பிரதோஷமும் சஷ்டியும் ஓரளவு இணக்கம்.

மாதாமாதம் எதையும் உறுதியாகச் சொல்ல முடியாத கட்டத்தில் இருப்பவர்கள், கைக்குழந்தை உள்ள வீடு, படுக்கையில் பெரியவர் இருக்கும் வீடு, ஆண்டு விரதம் ஒன்றோடு நிறுத்திக்கொள்வதில் தவறே இல்லை. மகா சிவராத்திரியை எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அது உணவைவிடத் தூக்கத்தைக் கேட்கும் விரதம், நான்கு யாமமும் விழித்திருக்க வேண்டும். மறுநாள் வண்டி ஓட்ட வேண்டியவர்கள் லிங்கோத்பவ காலமான நள்ளிரவு வரை இருந்துவிட்டுப் படுக்கலாம். வைகுண்ட ஏகாதசி அதைவிட உடலுக்கு எளிது, பாரணைக்கு ஆள் இருந்தால்.

முதல் சங்கல்பத்தை ஓராண்டுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஆயுள் முழுவதும் என்று தொடக்கத்திலேயே சொல்லிக்கொள்ள வேண்டாம். இடையில் காய்ச்சலாலோ தீட்டாலோ பயணத்தாலோ ஒரு மாதம் விட்டுப்போனால், அதை ஈடுசெய்ய அடுத்த மாதம் இரட்டிப்புப் பட்டினி கிடக்க வேண்டாம். ஆண்டு முடிவில் விட்டுப்போன எண்ணிக்கையைக் கூட்டி நிறைவு செய்துகொள்ளலாம். ஓராண்டு ஆனதும், எத்தனை முறை உரிய வேளையில் முடித்தோம், எத்தனை முறை அவசரத்தில் முடித்தோம் என்று பாருங்கள். பாதிக்கு மேல் அவசரம் என்றால் அடுத்த ஆண்டுக்கு வேறொரு திதியை எடுத்துக்கொள்ளுங்கள். பிரதோஷத்திலிருந்து சதுர்த்திக்கு மாறுவதில் எந்தத் தெய்வக் குற்றமும் இல்லை. ஈசன் வீட்டுப் பிள்ளையிடம்தானே போகிறீர்கள்.